பழைய ஸ்வெட்டரிலிருந்து நூல் எடுக்கலாம், எல்லா ஸ்வெட்டரிலிருந்தும் அல்ல

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் குளிர் அதிகம், கம்பளி நூலின் விலை அதைவிட அதிகம். நல்ல கம்பளி என்றால் 50 கிராம் உருண்டை ஐந்து, ஆறு பவுண்டு ஆகிவிடுகிறது. பெரியவர் ஒருவருக்கு ஸ்வெட்டர் பின்ன அப்படி எட்டுப் பத்து உருண்டை வேண்டும். அதே கடைத்தெருவில் உள்ள சாரிட்டி ஷாப்பில், யாரோ போட்டுவிட்டுக் கொடுத்த முழுக் கம்பளி ஸ்வெட்டர் நான்கைந்து பவுண்டுக்குத் தொங்கும். தராசில் வைத்தால் 400 கிராம் காட்டும். பின்னத் தெரிந்தவர் கண்ணுக்கு அது எட்டு உருண்டை நூல்.

இங்குள்ள பிராட்ஃபோர்டு நகருக்கு வரும் முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். துணியைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. கம்பளியைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது என்றாலும், அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. பழைய நூலை மீட்கும் வேலையில் முக்கால்வாசி கடையிலேயே முடிந்துவிடுகிறது. எப்படித் துவைப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதை வாங்காமல் விடுவது என்று யாரும் கேட்பதில்லை. தவறான ஸ்வெட்டரை வாங்கி வந்துவிட்டால் எந்தத் துவைப்பும் அதைக் காப்பாற்றாது.

முதலில் ஸ்வெட்டரின் பக்கத் தையலை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் (வெட்டிய ஓரத்தை நூல் சுற்றி மூடும் இயந்திரத் தையல்) அடித்திருந்தால் அப்படியே மாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஓவர்லாக் என்றால் துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெட்டிய இடத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுந்திருக்கும். பிரித்தால் அரை மீட்டர் அரை மீட்டராகத் துண்டுதான் வரும். நமக்கு வேண்டியது, முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் அதனதன் வடிவத்திலேயே தனித்தனியாகப் பின்னப்பட்டு, பிறகு ஓரத்தோடு ஓரம் இணைக்கப்பட்ட ஸ்வெட்டர். அப்படிப்பட்டதில் கைக்குழியை ஒட்டி, பின்னலில் சாய்வாக ஒரு கோடு போலச் சில கண்கள், அதாவது பின்னல் வளையங்கள், தெரியும். வடிவத்துக்காகக் கண்களைக் குறைத்த அடையாளம் அது. அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்து, இரண்டு விரலால் துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். கண்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். யாரோ வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு, தடித்துச் சுருங்கிப்போன ஸ்வெட்டர்கள் இந்தக் கடைகளில் ஏராளம். அவற்றில் இழை ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொண்டிருக்கும், பிரிக்கவே முடியாது. வெட்டிப் பை தைக்கலாம், காலணிக்குள் வைக்கும் அட்டை செய்யலாம். நூல் கிடைக்காது. லாம்ப்ஸ்வூல் (ஆட்டுக்குட்டிக் கம்பளி) என்று போட்டிருப்பதிலும் கொஞ்சம் யோசியுங்கள். பின்னி முடித்த பிறகு மென்மைக்காக ஆலையிலேயே லேசாக இப்படி இறுக்கி அனுப்புவது உண்டு. தொடுவதற்குச் சுகமாக இருக்கும், பிரிக்கும்போது ஒவ்வொரு கண்ணும் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

லேபிள் இருந்தால் நல்லது. பல சமயம் வெட்டி எடுத்திருப்பார்கள். அப்போது தையல் ஓரத்திலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் நூலை எடுத்து, சிங்க் மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகிய வாசனை வந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, மிஞ்சியது விரலில் பொடியானால் அது கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணி போலக் கெட்டியாக நின்றால் அக்ரிலிக். காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. கலப்பு நூலில் இரண்டும் கலந்து குழப்பும். (கடைக்குள்ளேயே கொளுத்திப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். சந்தேகம் என்றால் மலிவானதாக ஒன்று மட்டும் வாங்கி வந்து வீட்டில் சோதியுங்கள்.) ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குவித்துப் போட்டு விற்கும் ஸ்வெட்டர்களில் அக்ரிலிக் நிறைய உண்டு. அங்கே தேடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

ஸ்வெட்டர் தவிர இன்னொரு வழியிலும் பழைய நூல் வருகிறது. வயதானவர்கள் இறந்தபிறகு வீட்டைக் காலி செய்யும்போது, அவர்கள் பின்னாமல் சேர்த்து வைத்த உருண்டைகள் பை பையாகக் கடைக்கு வரும். சில உருண்டைகளில் அவுன்ஸ் கணக்கில் எடை போட்ட தாள் சுற்றியிருக்கும். கிராம் கணக்கு வருவதற்கு முந்தைய சரக்கு அது. ஓர் அவுன்ஸ் என்றால் 28 கிராம் சொச்சம். நூல் தரமாக இருக்கும், நிறம் இப்போது கிடைக்காத நிறமாக இருக்கும், ஆசை அடங்காது. ஆனாலும் வாங்குமுன் ஒரு முழம் உருவி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். உயிருள்ள கம்பளி முதலில் கொஞ்சம் நீளும், பிறகு முரண்டு பிடித்து அறுபடும். ஜன்னல் வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த நூல் நீளாது, டக்கென்று அறுந்துவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது. வெளிச்சம் மேல்சுற்றை மட்டும் தின்றிருக்கவும் கூடும் என்பதால், உருண்டையின் உள்ளிருந்து ஒரு முழம் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கியதை வீட்டுக்குள் கொண்டு வந்ததும் மற்ற நூலோடு சேர்த்துவிடாதீர்கள். அந்துப்பூச்சி இருக்கலாம். பறக்கும் பூச்சி ஒன்றும் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. கம்பளியில் உள்ள கெரட்டின் என்ற புரதம் அதன் சாப்பாடு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட கம்பளி என்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். உருண்டையை உதறினால் நூலின் நிறத்திலேயே மணல் போலத் துகள் கொட்டுகிறதா, வெள்ளையாக நூலாம்படை போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்கிக் கட்டி ஃப்ரீஸரில் வைத்துவிடுவேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை கட்டியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த நூலில் படிந்துவிடும்.

எங்கள் ஃப்ரீஸரில் தேங்காய்த் துருவலுக்கும் முருங்கைக்காய்த் துண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஸ்வெட்டர் இருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருநாள் ஐஸ் எடுக்கத் திறந்துவிட்டு, "ஏன் தங்கச்சி உந்தப் பழசெல்லாம்? புதுசு மலிவாக் கிடக்குதுதானே?" என்றார். மலிவாகக் கிடப்பது அக்ரிலிக், அக்கா என்றேன். இப்போது அவரே எனக்காகக் கடையில் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஃபோன் செய்கிறார்.

சரி, பிரிக்கும் வேலைக்கு வருவோம். கழுத்துப் பட்டி, பிறகு கைகள், கடைசியில் பக்கத் தையல் என்ற வரிசையில் பிரியுங்கள். இணைத்திருக்கும் தையல் பெரும்பாலும் சங்கிலித் தையல். அரிசி மூட்டை வாயைத் தைத்திருக்கும் நூல் போலத்தான்: சரியான முனையைப் பிடித்துவிட்டால் சர்ரென்று மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும், தவறான முனை என்றால் கண் கண்ணாக மல்லுக்கட்ட வேண்டும். ஒரு முனையில் வரவில்லை என்றால் கத்தரியை எடுக்காமல் மறுமுனைக்குப் போய்ப் பாருங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். கறுப்பு ஸ்வெட்டரைக் கறுப்பு நூலால் தைத்திருந்தால் பகலில் மட்டும் உட்காருங்கள், ஸ்வெட்டர் நூலையே வெட்டிவிடுவது அவ்வளவு எளிது.

துண்டுகள் தனித்தனியானதும் மேலிருந்து கீழாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான ஸ்வெட்டர்களில் இடுப்புப் பட்டியில் தொடங்கித் தோளில் முடிப்பார்கள். கடைசியாகப் பின்னியதுதான் முதலில் பிரியும். தோள், கழுத்து வளைவுப் பகுதியில் துண்டு துண்டாக வரும், அதை ஒதுக்கிவிடலாம். அதன் பிறகு கை வேகமெடுக்கும். நாற்காலியின் முதுகில் சுற்றிக்கொண்டே பிரித்தால் நூல் சிட்டமாகவே, அதாவது பெரிய வளையமாகவே சேரும். மெல்லிய இழைகள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பிரிக்காமல் சேர்த்தே சுற்றுங்கள். சிட்டத்தைக் கழற்றுமுன் நான்கு இடத்திலாவது வெள்ளைப் பருத்தி நூலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் அழுக்கு போகாது. கட்டாமலே விட்டால், நனைந்த பிறகு சிக்கெடுப்பதற்குள் அழுகை வந்துவிடும்.

இப்போது கையிலிருப்பது நூடுல்ஸைப் போல நெளிநெளியாக இருக்கும். அழுக்கும் நெளிவும் ஒரே குளியலில் போகும்.

கம்பளியைத் துவைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கவ்வியது மீண்டும் பிரியாது. அதனால் அசைக்காமல் ஊறப்போடுவதுதான் முழு வித்தை. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், கை வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. அதில் கம்பளிக்கான திரவமோ சாதாரண ஷாம்புவோ சில துளி. நம் தலைமுடியும் கெரட்டின்தான், முடிக்கு ஒத்துக்கொள்வது கம்பளிக்கும் ஒத்துக்கொள்ளும். சிட்டத்தை மெல்ல அமுக்கி மூழ்கவைத்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கசக்கக் கூடாது, அலசக் கூடாது, குழாயைத் திறந்து அதன் மேல் விடக் கூடாது. தண்ணீர் மாற்றும்போது சிட்டத்தை வெளியே எடுத்துவிட்டு, அதே சூட்டில் புதுத் தண்ணீர் நிரப்பி, பிறகு உள்ளே வையுங்கள்.

சிகரெட் பிடித்தவர் வீட்டு ஸ்வெட்டர் என்றால் முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். தேய்க்கத் தோன்றும், தேய்க்காதீர்கள். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போடுங்கள், தெளியும்வரை. அடர் சிவப்பு, கருநீலம் போன்றவை சாயம் விடலாம், அதற்கும் இதே வழிதான். கடைசித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்ப்பேன். கம்பளி லேசான புளிப்பை விரும்பும், காரத்தை வெறுக்கும். சலவை சோடா, துணி சோப்புக் கட்டி இரண்டையும் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். இங்கே ‘பயோ’ என்று விற்கும் சலவைத்தூளில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் இருக்கிறது. அதற்குக் கறையும் கம்பளியும் ஒன்றுதான், இரண்டும் புரதம். குளோரின் பிளீச் இன்னும் மோசம், கம்பளியைக் கரைத்தே விடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிராட்ஃபோர்டில் கம்பளித் தொழில் வேரூன்றியதற்குப் பென்னைன் மலையிலிருந்து வரும் மென்மையான நீரும் ஒரு காரணம். இங்கே எந்த சோப்பும் எளிதாக அலசிப்போகும். லண்டனிலோ சென்னையின் போர் தண்ணீரிலோ அப்படி இல்லை. உப்பும் சுண்ணாம்பும் சோப்போடு சேர்ந்து நூலில் படிந்து சொரசொரப்பாக்கும். அங்கே இருப்பவர்கள் சோப்பைத் தவிர்த்து ஷாம்பு வகையைப் பயன்படுத்துங்கள், கடைசி ஊறலுக்காவது மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ எடுங்கள். பட்டுப்புடவைக்கு அம்மா ஊறவைக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீர் கம்பளிக்கும் பொருந்தும். வெள்ளை நூலில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏறலாம்.

ஹடர்ஸ்ஃபீல்டு, பிராட்ஃபோர்டு பக்கம் ஆலைகளில் மிஞ்சிய, கூம்பில் சுற்றிய கோன் நூலும் மலிவாகக் கிடைக்கும். அது தொட்டால் சணல் போல விறைப்பாக, மெலிதாக இருக்கும். இயந்திரத்தில் ஓட எண்ணெய் ஏற்றியிருப்பதால்தான் அப்படி. அதற்கு மட்டும் கை பொறுக்கும் அளவு சூட்டில், பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து ஊறப்போடுங்கள். ஆறும்வரை தொட வேண்டாம். காய்ந்ததும் நூல் பூரித்துத் தடிமனாகிவிடும். ஆகவே துவைக்கும் முன் அதன் தடிமனைப் பார்த்து ஊசி அளவை முடிவு செய்யாதீர்கள்.

பிழியும்போது முறுக்க வேண்டாம். துண்டில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி நின்றால் தண்ணீர் இறங்கிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளைக் கம்பளி வெயிலில் மஞ்சளாகும். நெளிவு போக அடியில் கனமாக எதையாவது கட்டச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பாரத்தில் நீண்ட நூல் நீண்ட மாதிரியே காயும். பின்னி முடித்து முதல் முறை நனைத்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், ஸ்வெட்டர் சிறுத்துவிடும். சிட்டத்தின் அடியில் ஒரு காலி ஹேங்கரை மாட்டினால் போதும். மிஞ்சிய நெளிவு பின்னலில் தெரியாது. எடை போடுவதை முழுதாகக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டு, தொட்டால் காய்ந்ததாகவே காட்டும்.

நாற்றம் மூன்று வகை. புகை நாற்றம் ஊறலில் போகும். பூட்டிவைத்த அலமாரியின் பூசண வாடை, துவைத்து நாள்கணக்கில் காற்றில் விட்டால் குறையும். கறுப்புப் புள்ளியாகப் பூசணமே பிடித்திருந்தால் முகர்ந்து பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். மூன்றாவது அந்துருண்டை வாடை. இதைத் துவைத்துப் போக்க முடியாது, நாப்தலீன் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. ஆனால் காற்றில் தானே ஆவியாகிவிடும். முதலில் வெளியே நிழலில் தொங்கவிட்டு, வாடை அடங்கிய பிறகே தண்ணீரில் போடுங்கள். பிரிட்டனில் நாப்தலீன் உருண்டை இப்போது விற்பனையில் இல்லை. ஆனாலும் பழைய பைகளில் அந்த வாடை இன்னும் இருக்கிறது.

அந்து கடித்த நூலை உருண்டையாகச் சுற்றும்போதுதான் எத்தனை இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியும். சாதாரணக் கம்பளி என்றால் முடிச்சுப் போடத் தேவையில்லை. இரண்டு முனையையும் லேசாகப் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, ஈரமாக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடேறும்வரை உருட்டினால் ஒரே நூலாகிவிடும். துவைக்கும்போது எதைத் தவிர்க்கப் பாடுபட்டோமோ அதையே இங்கே வேண்டுமென்று செய்கிறோம். மெஷினில் துவைக்கலாம் என்று போட்ட சூப்பர்வாஷ் கம்பளியில் இது நடக்காது. அதன் செதில்களை ஆலையிலேயே அடக்கிவிடுகிறார்கள்.

நிறம் பிடிக்கவில்லை என்றால் சமையலறையிலேயே மாற்றலாம். கேசரிப் பவுடர் போன்ற உணவுச் சாயங்கள் வினிகரும் சூடும் சேர்ந்தால் கம்பளியில் நன்றாக ஏறும், பருத்தியில் ஏறாது. கொதிக்க விடாமல், ஆவி பறக்கும் சூட்டில் சாயம் நூலில் ஏறித் தண்ணீர் தெளியும்வரை வைத்து, அதே பாத்திரத்தில் ஆறவிடுங்கள். வெயிலில் போகப்போக வெளுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதெல்லாம் இந்த வட்டாரத்துக்குப் புதிதே இல்லை. பிராட்ஃபோர்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பேட்லியில்தான் 1813-இல் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணியைக் கிழித்து இழையாக்கி மறுபடி நூற்கும் தொழிலைத் தொடங்கினார். ‘ஷாடி’ என்று பெயர். இன்று அந்த வேலையின் பெரிய களம் நம் ஹரியானாவின் பானிபட். வெளிநாட்டார் கழித்த ஸ்வெட்டர்கள் அங்கே போய்ப் போர்வையாகின்றன, வெள்ளம், நிலநடுக்கம் என்றால் நிவாரணத்துக்கு நீண்ட காலம் பெருமளவில் போனதும் அந்தப் போர்வைகள்தான். இரண்டாம் உலகப் போரில் 1941 ஜூனில் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தபோது பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. பழையதைப் பிரித்துப் பின்னுவது அப்போது வீட்டுக்கு வீடு நடந்தது. என் பின்னல் குழுவில் இருக்கும் பாட்டிகள் நான் நாற்காலியில் நூல் சுற்றுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை, வேகம் போதாது என்றுதான் சொல்கிறார்கள்.

மீட்ட நூலில் எதைப் பின்னுவது என்பது இழுவைச் சோதனையைப் பொறுத்தது. வலுவாக இருந்தால் ஸ்வெட்டர், தொப்பி எதுவும் சரி. சுமார் என்றால் இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னுங்கள், அல்லது குரோஷே சதுரங்களாகப் போட்டுப் போர்வையாக்குங்கள். காலுறைக்கு மட்டும் வேண்டாம், குதிகால் முதல் மாதமே ஓட்டையாகும். ஒரே ஸ்வெட்டரில் முழு அளவு நூல் தேறாவிட்டால், அதே நிறம் கிடைக்கும் என்று காத்திருக்காமல் வேறு நிறத்தில் பட்டை போட்டுவிடுங்கள். பின்னும் வரை மூடி இறுகிய டப்பாவில் வைத்து, வெயில் காலம் தொடங்கும்போது ஒருமுறை திறந்து உதறிப் பாருங்கள். மணல் கொட்டினால் மறுபடி ஃப்ரீஸர்.